குட்டைக்கரைக்கு எந்தப் பனை

தூளிக் கயிற்றில் கட்டியிருந்த ஆட்டுமணி ரெண்டு தரம் கிணுங்கி அடங்கியதும் பாப்பா தூங்கிவிட்டாள் என்று மைனாவதிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நூறுவரை எண்ணினாள். எண்பத்து மூன்றில் ஒரு ஈ வந்து குழந்தையின் மூக்கில் உட்கார்ந்து எண்ணிக்கையைக் கெடுத்தது. அதை முந்தானையால் ஓட்டிவிட்டு, வாசல் தட்டியைச் சாத்திக் கொக்கியை மாட்டி, மாட்டிய கொக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்து, இன்னொருமுறையும் இழுத்துப் பார்த்து, கக்கத்தில் முளைக்குச்சிக் கட்டோடு வெயிலில் இறங்கினாள். சாளை வாசலிலிருந்து குட்டைக்கரைக்கு நடந்தால் நாற்பத்திரண்டு எட்டு. ஓடினால் இருபத்தாறு. இந்தக் கணக்கை அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்க அங்கே யாரும் இல்லை, தோட்டத்து நடுவில் தனியாக நிற்கிற ஓட்டு வீடு அது, பக்கத்துச் சாளைக்காரர்கள் பூட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குக் குடிபோய் ஒரு வருசமாகிறது. ஆனாலும் யாராவது கேட்டால் சொல்லிவிடத் தயாராக அந்த இருபத்தாறு எந்நேரமும் நாக்கு நுனியில் இருந்தது. காலையில் நர்சரிக்காரர் சடையப்பண்ணன் போனில் சொன்னார், "அம்முணி, நாலு மணிக்கு வண்டி உங்க பக்கம் வருது. என்ன கன்னு ஏத்தறதுன்னு ஒரு மணிக்குள்ள சொல்லிப்போடுங்க." "சொல்லிடறேனுங்கண்ணா." "மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க, நானும் கேட்டுக்கிட்டே இருக்கறேன்." சிரித்தார். இவளும் சிரித்தாள். மூணு வாரம் என்பது அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னது, அவருக்கு என்ன தெரியும், ஆனால் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு மறுநாள் காலையில்தான் அவருக்கு முதல் போன் போட்டாள். அன்றைக்கு என்றால், வேண்டாம், இப்போது மரத்தைப் பற்றி மட்டும் யோசிப்போம், ஒரு மணிக்குள் சொல்ல வேண்டும், இப்போது மணி பதினொன்றே முக்கால்.

கரை ஏறியதும் குட்டை முகத்தில் அறைந்தது. உச்சி வெயில் தண்ணீரில் பட்டு, புதுத் தகரத்தைத் திருப்பிக் காட்டின மாதிரி கண்ணைக் கூச வைத்தது. சுற்றிலும் ஒரு பொட்டு நிழல் இல்லை. வெள்ளாமைக்குப் பிடித்து வைத்த மழைத்தண்ணியில் கால்வாசியை இந்த மாசி வெயிலே குடித்துவிட்டது, குட்டைக்குள் விரித்த கறுப்பு பிளாஸ்டிக் ஷீட்டில் போன மாசம் ஒட்டியிருந்த தண்ணிக் கோடு இப்போது முழம் மேலே தெரிகிறது. வேம்பு, புங்கை எதுவும் வைக்கக் கூடாது, வேர் போய் ஷீட்டைக் கிழித்துவிடும், பனை சாதி என்றால் சல்லிவேர், கிழிக்காது, கரை மண்ணையும் பிடித்துக்கொள்ளும் என்று வேளாண்மை ஆபீசில் சொல்லிவிட்டார்கள். பனை சாதியில் எந்தப் பனை என்று மட்டும் சொல்லவில்லை. அங்கேதான் மூணு வாரமாக அவள் முடிவு நிற்கிறது. அவள் வீட்டுக்காரன் செங்கோட்டுவேலுவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. அவன் சத்தீஸ்கரில் ரிக் வண்டியில் டிரில்லர், ஊர் ஊராகப் போய் போர் போட்டுத் தண்ணி எடுத்துக் கொடுக்கிறவன். வருசத்தில் ஒன்பது மாசம் அங்கே, மழைக்கு வண்டி நிற்கிற மூணு மாசம் இங்கே. அங்கே ஏதோ காலேஜ் வாசலில் பார்த்தானாம், ரெண்டு பக்கமும் ராயல் பாம், சுண்ணாம்பு அடித்த தூண் மாதிரி, உச்சியில் பச்சைக் கொண்டை. போட்டோ அனுப்பிவிட்டுச் சொன்னான், "இதையே வெச்சுப்போடு மைனா. எவனாச்சும் ரோட்டுல போனா, இது ஆரு தோட்டம்னு நின்னு பாக்கோணும்." ரோட்டில் யார் போகிறார்கள்? பால்வண்டி போகிறது, பொழுது சாய ஆடு போகிறது. இதைச் சொன்னால் சிரிப்பான். அவனைச் சிரிக்க வைப்பது அவளுக்குப் பிடிக்கும், அதனால் சொன்னாள், சிரித்தான். அந்தச் சிரிப்பை கம்ப்ரசர் சத்தம் பாதியில் தின்றுவிட்டது. ராயல் பாம் மட்டை ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம் என்று சடையப்பண்ணன் சொன்னார், பழுத்தால் சொல்லாமல் கொள்ளாமல் விழுமாம். கீழே குழந்தை நின்றால்? நிற்கக் கூடாது. அடியில் நிற்க விடாமல் பார்த்துக்கொள்ளலாம். பார்த்துக்கொள்ளலாம் என்ற வார்த்தையில் மனசு முள்ளில் துணி மாட்டின மாதிரி மாட்டி நின்றது. பார்த்துக்கொண்டுதானே இருந்தாய் அன்றைக்கும்.

மணி கிணுங்கியதா? நின்று கேட்டாள். இல்லை. மைனா ஒன்று எங்கோ கத்தியது. பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்தாலே எல்லாரும் கத்திக் காட்டுவார்கள், பேச்சு நிற்காத பிள்ளை, பேர் பொருத்தம் பார்த்து வைத்தார்கள் என்று வாத்தியாரே சொல்வார். அந்த வாய் இப்போது எங்கே போயிற்று. போன வாரம் ஒருநாள் பொழுதிறங்கும்போதுதான் கவனித்தாள், காலையிலிருந்து பெரியாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பால்வண்டிக்காரர்கூட அன்று கேனை எடுத்துக்கொண்டு கைகாட்டிவிட்டுப் போய்விட்டார். குழந்தையிடம் பேசினாள், எருமையிடம் பேசினாள், வேகாத பருப்பிடம், "உனக்கு என்னதான் வேணும், சொல்லித்தொலை" என்றாள். பிறகு போன் வந்தது, அத்தை. "எப்பிடி இருக்கற கண்ணு?" "நல்லாருக்கறனுங்கத்தை, எனக்கென்ன கேடு." சத்தமாகச் சொன்னாள், சிரித்துக்கொண்டு சொன்னாள். போனை வைத்த பிறகு அந்தச் சிரிப்பு சுவரில் மோதிக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்ற மாதிரி இருந்தது. அத்தை பாவாயி, செங்கோட்டுவேலுவின் அம்மா, ஊருக்குள் பெரிய மகனோடு இருக்கிறாள். அவளுக்குத் தென்னைதான். "குட்டை ஓரம் தென்னைய வெச்சா அஞ்சாம் வருசம் பாளை தள்ளும், பாப்பாளுக்கு எளநி ஆச்சு, ஊட்டுக்குத் தேங்கா ஆச்சு. அந்தக் காலேஜு மரத்தை வெச்சு என்ன, அதுக்கு மாலை போட்டுக் கும்படறதா?" நியாயம்தான். ஆனால் தென்னை தண்ணீர்ப் பக்கமே சாயும். நட்டவள் எவ்வளவு நேராக நட்டாலும் அது தண்ணீரைப் பார்த்துத்தான் வளையும், மட்டையும் காயும் குட்டைக்குள் விழும், ஷீட்டு கிழியும். தண்ணீரைக் கண்டால் எதற்கு எல்லாம் இப்படிச் சாய்கிறது. கன்றுக்குட்டி சாய்கிறது, தட்டான் சாய்கிறது, குழந்தை சாய்கிறது. தென்னைக்கென்று பதினெட்டு அடிக்கு ஒன்றாக நேற்று அடித்த முளைக்குச்சிகள் கரையைச் சுற்றி நின்றன. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம். ஒரு குழந்தை என்ன, ஒரு பள்ளிக்கூடமே போகலாம்.

அத்தை இந்தக் குட்டையையே வேண்டாம் என்றவள். ஜேசிபி வந்து நின்ற அன்றைக்கு வாசலில் குறுக்கே நின்று சொன்னாள், "நடக்கப் பழகற புள்ளைய ஊட்டுல வெச்சுக்கிட்டு எவளாச்சும் எமக்குழி வெட்டுவாளா?" மைனாவதிதான் விடவில்லை. ஊரெல்லாம் தண்ணி எடுத்துக் கொடுக்கிறவன் தோட்டத்தில் தொள்ளாயிரம் அடி போட்டும் புழுதிதான் வந்தது, கிணறு பாறை தெரியக் கிடக்கிறது, மழையைப் பிடித்து வைக்காமல் எத்தனை நாளைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பது என்று அத்தையிடம் மல்லுக்கட்டினாள். மனு எழுதினது அவள், ஆபீசுக்கு எட்டுத் தரம் நடந்தது அவள், பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அளவெடுக்க வந்தவனுக்கு நாடா பிடித்தது அவள். கடைசியில் அத்தை சொன்னாள், "செரி, வெட்டிக்க. ஆனா ஒண்ணு. புள்ளைக்கு ஒரு கீறல் விழுந்துச்சுன்னு வெச்சுக்க, அன்னைக்கே குட்டைய மண்ணுப் போட்டு மூடிப்போட்டு உங்க ரெண்டு பேரத்தையும் ஊருக்குள்ள கூட்டிட்டுப் போயிருவேன். இந்தச் சாளையும் வேண்டாம் பண்ணையமும் வேண்டாம்." "ஆகட்டுங்கத்தை" என்று சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அதனால்தான் சொல்லவில்லை. அதனால் மட்டும்தானா. கீறல் விழவில்லையே, ஒரு கீறல்கூட விழவில்லை, விழாததை எதற்குச் சொல்வது என்று மூணு வாரமாக ஒரே சுற்று, செக்குமாடு மாதிரி, கண்ணைக் கட்டிக்கொண்டு. ஊருக்குள் போனால் என்ன, அங்கே பேச ஆள் இருக்கும், பக்கத்து வீட்டில் டிவி ஓடும். ஆனால் இந்த வயல், இந்தக் கத்திரி, இந்தக் குட்டை, காலையில் எழுந்ததும் இன்றைக்கு என்ன வேலை என்று தானே முடிவு செய்கிற இந்த ஒன்று போய்விடும். பெரிய மருமகள் அடுப்புக்குப் பக்கத்தில் சின்ன மருமகளாக நின்றுகொண்டு, உப்பு எவ்வளவு போட என்று கேட்க வேண்டும். போன் திரையைத் துடைத்துச் சடையப்பண்ணன் அனுப்பிய போட்டோக்களைத் தள்ளினாள். பாட்டில் பாம், அடி பருத்து நுனி சிறுத்து, மாசமாக இருந்தபோது கண்ணாடியில் பார்த்த அவளை மாதிரியே இருந்தது. விசிறிப்பனை. பாக்கு, இந்த வெயிலில் பாக்குமரம் தண்டு வெந்து வெடித்துப்போகும், அதற்கே ஒரு நிழல் வேண்டும். நம் நாட்டுப் பனை, கொட்டை போட்டால் தானே முளைக்கும், ஆனால் ஆணா பெண்ணா என்று தெரிவதற்கே பதினஞ்சு வருசம் பொறுக்க வேண்டும், அதற்குள் பாப்பாவுக்கே தாவணி போட்டாகிவிடும். போடுவோமா. அந்தப் பதினஞ்சு வருசமும் பாப்பா, மனசு மறுபடியும் மாட்டியது.

அவளுக்கு எது வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். ஈச்சை. ஓடைக்கரையில் தானாக முளைக்கிற காட்டு ஈச்சை, ஆளுயரம் வளர்ந்து தூர் கட்டி, மட்டை அடியில் விரல் நீளத்துக்கு ஊசி ஊசியாக முள். வெயில் ஒன்றும் செய்யாது, சல்லிவேர், காயோ மட்டையோ விழாது. ரெண்டு அடிக்கு ஒன்றாகக் குட்டையைச் சுற்றி வைத்துவிட்டால் நாய்கூட உள்ளே போகாது. ஆனால் கேட்பார்கள். ஈச்சையை யார் காசு கொடுத்து வாங்கி வைப்பார்கள், வெட்டி எறிய ஆள் விடுவார்கள். "ஏன் மைனா, தொடப்பக்கட்டை வியாபாரமா?" என்று அவன் சிரிப்பான். அத்தை சிரிக்க மாட்டாள். அத்தை கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துவிட்டு, "முள்ளு எதுக்கு? என்னாச்சு?" என்பாள். அந்த ரெண்டு கேள்விக்குத்தான் அவள் பயந்தாள்.

என்னாச்சு என்றால், ஒன்றும் ஆகவில்லை. கத்திரிக்குத் தண்ணி விட்டுக்கொண்டிருந்தாள். பாப்பா வாசலில் கீச்சுச் செருப்புப் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள், மிதித்தால் கீச், கீச் என்று கத்துமே, அந்தச் செருப்பு, வாங்கி வந்ததே அதற்காகத்தான். குனிந்து வேலை செய்தாலும் காது பிள்ளை மேல் இருக்கும், கீச் கோழிக்கூண்டுப் பக்கம், கீச் வைக்கோல்போர்ப் பக்கம், அவள் தலையைத் தூக்கவே வேண்டாம். அப்படித்தான் ஒரு வருசமாகத் தோட்டத்து வேலை நடந்தது. கீச் நின்றது. உட்கார்ந்து மண்ணைக் கிளறுகிறாள் என்று நினைத்தாள். இன்னொரு பாத்திக்கு மடையைத் திருப்பிவிட்டாள். திருப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள். வாசலுக்கு வந்து பார்த்தாள், இல்லை. கோழிக்கூண்டில் இல்லை. அப்புறம் கரை மேல் கண் போனது, செருப்பு ரெண்டும் கரையில், ஜோடியாக, முனை சேர்த்து, கோவில் வாசலில் கழற்றி வைத்த மாதிரி இருந்தது. ஓடினாள். இருபத்தாறு எட்டு என்று பிறகுதான் அளந்தாள், அன்று அது முடியவே இல்லை. பாப்பா உள்பக்கச் சரிவில், ஷீட்டு மடிப்பில் மாட்டி, பாதி உட்கார்ந்து பாதி சறுக்கி, கால் ரெண்டும் தண்ணியில் தொங்க, இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கைகூப்பினாள். "சாமித் தண்ணி." அந்த ஷீட்டில் பாசி படிந்துவிட்டால் பெரியாள் வழுக்கினாலே ஏற முடியாது. ஐப்பசி மழையில் குட்டை முதல் தரம் நிரம்பிய அன்று மஞ்சள் கரைத்து விட்டு, பூப் போட்டு, சூடம் காட்டினார்கள், அவளும் பாப்பாவும் மட்டும், போனில் வீடியோவில் அவன். புதுத் தண்ணி சாமி, செருப்போடு மிதிக்கக் கூடாது, கழற்றி வை கண்ணு, ஜோடியா வை, இப்பக் கும்பிடு. நல்ல பழக்கமென்றுதான் சொல்லிக்கொடுத்தாள். பாப்பா ஒருதரம் சொன்னால் மறக்கவே மாட்டாள் என்று எல்லாரிடமும் பெருமை வேறு. பிள்ளை எங்கே என்று சொல்வதற்காக வாங்கின செருப்பை, சாமி பேரைச் சொல்லி, சரியாகக் குட்டைக்கரையில் கழற்றி வைக்கச் சொன்னது யார்? எந்தப் பைத்தியக்காரி இப்படிச் செய்வாள்? அந்தச் செருப்பை அன்றே அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டாள். தூளியில் மணி கட்டினாள். தட்டிக்குக் கொக்கி போட்டாள். அத்தை போனில் "எப்பிடி இருக்கற கண்ணு?" என்றாள். நல்லாருக்கறனுங்கத்தை.

முளைக்குச்சி ஒன்றில் கையை ஊன்றி அப்படியே நின்றிருந்தாள், உள்ளங்கை சுட்டது. போன் ஒரு துடி துடித்தது. சடையப்பண்ணன் இன்னொரு போட்டோ போட்டிருந்தார், கீழே குரல் பதிவு. "அம்முணி, இது பேரீச்சை. லேப்புல வளர்த்த கன்னு. நம்ம பக்கமெல்லாம் இப்ப நல்லா வருது. நட்டு நாலு வருசத்துல காய் பாக்கலாம்." அவள் போட்டோவைப் பெரிதாக்கினாள். மட்டை அடியில் முள். நீள நீளமாக, பச்சையாக, நல்ல முள். நெஞ்சு சந்தோஷத்தில் ஒரு குதி குதித்தது. பேரீச்சை! யார் கேட்பார்கள்? அத்தைக்குப் பழம், அவனுக்குப் பெருமை, ரோட்டில் போகிறவன் நின்று பார்ப்பான், இவளுக்கு முள். ஏன் நெருக்கமாக வைத்தாய் என்றால், எல்லாம் பிழைக்காது, பிழைத்ததை விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிடலாம் என்று சொல்லலாம். ஒரு பொய்கூட இல்லை, பொய் மாதிரி ஒன்று, அவ்வளவுதான். அன்றைக்கு நடந்தது அவளோடு இருந்துவிடும். குட்டை இருக்கும். சாளை இருக்கும். வருசம் போகப் போக அதுவும் மங்கிவிடும், பெரியவளானதும் பாப்பாவிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பதிலுக்குக் குரல் பதிவு போடப் போனை வாய்க்குக் கொண்டுபோனாள், பேரீச்சை அறுபது கன்னு என்று சொல்ல வாயைத் திறந்தாள். அறுபதா எழுபதா, சுற்றளவைக் கணக்குப் போட்டுக்கொண்டே, இந்த மூணு வாரத்தில் முதல் தரமாக லேசாக ஒரு பாட்டுக்கூட மூக்கில் முனகினாள்.

மணி அடித்தது. கிணுகிணுக்கவில்லை, ஒரே ஒரு தரம், கனமாக, தூளியிலிருந்து கனம் இறங்கின மாதிரி. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அவள் ஓடினாள். பதினாலு, பதினஞ்சு, கொக்கி போட்டேன், ரெண்டு தரம் இழுத்துப் பார்த்தேன், இருபது, உள்ளே என்ன இருக்கிறது, அடுப்பு அணைத்தேன், அரிவாள்மணை மேலே, இருபத்து மூணு. தட்டிக்கு உள்ளே பாப்பா நின்றிருந்தாள். வாசல்படி உள்பக்க ஓரம் கால் கழுவ மைனாவதியே மொண்டு வைத்த குண்டான் நிறையத் தண்ணி இருந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்த செருப்பை எப்போது கண்டுபிடித்தாளோ, அதைக் கொண்டு வந்து குண்டானுக்கு முன்னால் ஜோடியாக வைத்துவிட்டு, வெறுங்காலில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சத்தமும் இல்லை. தூக்கிக்கொண்டபோது குழந்தையின் தலை முடியில் தூக்கத்து வேர்வை வாசனை. அந்த வாசனையில் முகத்தை வைத்துக்கொண்டு மைனாவதி நின்றாள். நாலு வருசம். அந்த முள் விரல் நீளம் வளர நாலு வருசம் இல்லை என்றாலும் மூணு வருசம். குண்டானுக்கு எந்தப் பனையை வைப்பாய்? மாட்டுத் தொட்டிக்கு? மூடாமல் கிடக்கிற பாறைக்கிணற்றுக்கு? அவளுக்கு ரெண்டு காது, ரெண்டு கண். அதுவும் ராத்திரி சரியாகத் தூங்காத கண். முள் இல்லை இதற்கு. இன்னொரு ஆள்.

நேரம் காலம் பார்க்காமல் அவனைக் கூப்பிட்டாள். பகலில் கூப்பிடக் கூடாது, வண்டி ஓடும். ஓடுகிற போரில் வண்டியை நிறுத்தினால் மண்ணு சரிந்து குழிக்குள் இறக்கின ராடு பூட்டிக்கொள்ளும், ஒரு போரே போய்விடும், எதற்காகவும் நடுவில் நிறுத்த மாட்டார்கள். பாப்பா பிறந்த அன்றே நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அத்தை போனைக் குழந்தை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள், அவன் கம்ப்ரசர் இரைச்சலுக்கு நடுவில் மகளின் முதல் அழுகையைக் கேட்டேன் என்றான், கேட்டானோ என்னவோ. இப்போதும் அதே இரைச்சல்தான் முதலில் வந்தது, ஒரு மலையே காதுக்குள் விழுகிற மாதிரி. "என்ன மைனா? நானூறு அடி ஓடிட்டிருக்குது. அப்பறமா..." "மாமா, பாப்பா குட்டைல எறங்கிட்டாளுங்க." "என்னது?" "இப்ப இல்லீங்க. இப்ப என்ற இடுப்புல இருக்கறா. மூணு வாரமாச்சுங்க. நான் சொல்லலீங்க. ஆருக்குமே சொல்லலீங்க." கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மூணு வாரம் முனகலாகக்கூட வெளியே வராததை, வெட்டவெளி வாசலில் நின்று, ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். கேட்க ஊர் இல்லை. அந்தப் பக்கம் அவன் யாரையோ பார்த்து இந்தியும் தமிழுமாகக் கத்துவது கேட்டது, யாரோ பதிலுக்குக் கத்தினார்கள், "அண்ணா, ராடு!" அவன் மறுபடி கத்தினான். பிறகு இரைச்சல் படிப்படியாக இறங்கியது, ஒரு பெருமூச்சு மாதிரி காற்று வெளியேறியது, நின்றது. மூணு வருசக் குடித்தனத்தில் அவன் நிற்கிற இடத்தின் அமைதியை அன்றுதான் கேட்டாள். அங்கேயும் ஒரு மைனா கத்திக்கொண்டிருந்தது. "இப்பச் சொல்லு" என்றான்.

சொன்னாள். கத்திரிப் பாத்தி, மடை, செருப்பு, ஷீட்டு மடிப்பு. சிரித்துக் கைகூப்பியதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது, பாப்பா அவள் மூக்குத்தியைத் திருகி விளையாடினாள். திட்டுவான் என்று காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் சொன்னான், "செருப்பக் கழட்டச் சொன்னது நாந்தான் மைனா." "நான்தானுங்க சொன்னேன்." "இல்ல. வீடியோவுல பாத்துக்கிட்டே இருந்தேன். நீ சூடத்தப் பத்த வெச்சுட்டிருந்தே. பாப்பா செருப்போட ஏறுனா. பாப்பாவச் செருப்பக் கழட்டச் சொல்லு, புதுத்தண்ணின்னு நாந்தான் கத்துனேன். அப்பறந்தான் நீ சொன்னே." மைனாவதி அந்த நாளைத் திருப்பிப் பார்த்தாள். காற்றில் சூடம் அணைந்தது, மறுபடி கொளுத்தியது, கல்லில் சாய்த்து வைத்த போன், அதிலிருந்து ஒரு குரல். ஆமாம். இருந்தது. இத்தனை நாளும் அந்தச் சொல் அவள் குரலில் மட்டும்தான் ஒலித்துக்கொண்டிருந்தது. "குட்டைய மூடிரலாமா?" என்று மெதுவாகக் கேட்டான். வாசலிலிருந்து பார்த்தாள், தண்ணீர் பளபளத்துக்கொண்டு கிடந்தது, ஒரு பாவமும் அறியாத மாதிரி. "வேண்டாமுங்க. கத்திரி காஞ்சு போயிரும். சுத்தி ஈச்சை வெக்கறேன். முள்ளு." "முள்ளு வர எத்தனை நாளாகும்?" "மூணு வருசமுங்க." "அது வரைக்கும்?" அது வரைக்கும். அவளுக்கு அது ஓடி வரும்போதே தெரிந்துவிட்டது, வாய்க்கு வரத்தான் இவ்வளவு நேரம். "அத்தைய இங்க வந்து இருக்கச் சொல்றேனுங்க. நடந்ததெல்லாம் அடியிலிருந்து சொல்லீர்றேன். அவிங்க திட்டறதத் திட்டட்டும், உப்பு எவ்வளவு போடறதுன்னும் சொல்லட்டும்." அவன் சிரிக்க வேண்டிய இடம் அது. சிரிக்கவில்லை. மூக்கை உறிஞ்சினான். "நான் சொல்லட்டுமா அம்மாகிட்ட?" "நானே சொல்றேன். நான் சொன்னாத்தான் வருவாங்க." "செரி." கொஞ்சம் கழித்து, "மைனா, ராடு பூட்டிக்கிச்சுன்னு நெனைக்கறேன்" என்றான். "அய்யோ, போங்க, போய்ப் பாருங்க!" என்றாள். அவன் போவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.

ஒரு மணிக்கு ரெண்டு நிமிசம் இருந்தபோது சடையப்பண்ணனே கூப்பிட்டார். "என்னுங்கம்முணி, பேரீச்சையா, ராயலா? வண்டி நிக்குது." "காட்டு ஈச்சை இருக்குதுங்களாண்ணா?" அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இருக்குது, கெணத்தோரம் தானா மொளைச்சுக் கெடக்குது, பறிச்சுக் குடுக்கலாம். எதுக்கம்முணி முள்ளு? ஆரு மேல இத்தனை கோவம்?" ரெண்டாம் தரம் சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. "என்ற பாப்பா ஒருநா குட்டைல எறங்கிட்டாளுங்கண்ணா. நான் கத்திரிக்குத் தண்ணி கட்டிட்டிருந்தேன், பாக்கல. அதுக்குத்தான்." அவர் சிரிப்பு நின்றது. பின்னால் யாரிடமோ வண்டியை நிறுத்தி வைக்கச் சொன்னார். பிறகு வேறு குரலில் சொன்னார், "ரெண்டடிக்கு ஒண்ணா வைங்க. ஒரு வரிசை பத்தாது, கோணல்மாணலா ரெண்டு வரிசை. நானே வாரேன், கடப்பாரையோட. கன்னு எந்திரிக்கற வரைக்கும் பனங்கருக்கு மட்டைய வெட்டிச் சுத்தியும் ஊனிப்போடலாம், உங்க பொழிப்பனைல மட்டை இருக்குமல்ல?" இருந்தது. தோட்டத்து எல்லையில், பொழி வரப்பில் நாலு பனை, நாள் தவறாமல் பார்க்கிற பனை, ரெண்டு ஓரமும் ரம்பம் மாதிரி பல் வைத்த மட்டைகளை விரித்துக்கொண்டு நின்றன. மூணு வாரமாக எந்தப் பனை எந்தப் பனை என்று கேட்டுக்கொண்டிருந்தவள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அத்தைக்குப் போன் போடவேண்டும். போடுவதற்கு முன்னால் தென்னைக்கு அடித்த முளைக்குச்சிகளைப் பிடுங்கிவிடலாம் என்று பாப்பாவோடு கிளம்பினாள். படியில் இறக்கிவிட்டு, அந்தச் செருப்பை எடுத்துத் தூசி தட்டி மாட்டிவிட்டாள். கரை அடிக்கு வந்ததும் பாப்பா நின்றாள், குனிந்து செருப்பு வாரை அவிழ்க்கப் பார்த்தாள். "சாமித் தண்ணி." "இல்ல கண்ணு" என்று மைனாவதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இது கத்திரிக்கு ஊத்தற தண்ணி. செருப்பப் போட்டுக்கிட்டே வா." கரை மேல் கால் வைக்கும்போது தன்னுடைய செருப்பைக் கழற்ற அவள் காலும் தானாக உயர்ந்தது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு செருப்போடு மிதித்தாள். கீச் என்றது பாப்பாவின் செருப்பு, கீச், கீச், அவளுக்கு ஒரு எட்டு முன்னால், கையெட்டும் தூரத்தில்.